சொளகுல கலந்த மாத்திரை

"நடங்கம்மா, பைய நடங்க, காலைப் பாக்காதீங்க, எதுத்தாப்புல செவத்தைப் பாருங்க"ன்னு மெஷின்காரர் சுடலைமுத்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள காலுக்குக் கீழ கறுப்புப் பட்டை நகர ஆரம்பிச்சிட்டுது. சண்முகவடிவும் நடந்தா. நிக்கிற எடமே பின்னால போனா மனுசி முன்னால நடக்காம என்ன செய்வா. நெஞ்சுல பத்து எடத்துல பட்டன் மாதிரி ஒட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு வயரை மாட்டி, எல்லாத்தையும் இடுப்புல ஒரு பெட்டியில சேத்துக் கட்டியிருந்தாங்க. சேலைய அவுத்து வச்சிட்டு ஆசுபத்திரி குடுத்த பச்சைச் சட்டையும் தொளதொளன்னு ஒரு கால்சட்டையுமா அறுபத்தோரு வயசுல இப்படி ஒரு வேசம். முதல் தடவை இதைப் போட்டப்போ அவளும் இதே சோதனைக்கு வந்த லீதியாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்ச சிரிப்புல சுடலைமுத்து வெளியில போய் நின்னுட்டாரு. இன்னைக்கு அந்த லீதியா அந்தா திரைக்குப் பக்கத்துல நீலக்கலர் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கா. மடியில வடிவோட பை, கைக்குள்ள வடிவு கழத்திக் குடுத்த சங்கிலி. பதிமூணு மாசமா அப்படித்தான், அவ ஏறும்போது இவ சங்கிலிய வச்சிருப்பா, இவ ஏறும்போது அவ வச்சிருப்பா. வடிவு சங்கிலியக் குடுத்தா, காலையில இங்க வாங்கின கடுதாசிய மட்டும் குடுக்கல, அதை மடிச்சுக் கால்சட்டைப் பையில வச்சிருந்தா, நடக்க நடக்க அது தொடையில குத்துச்சு. வயரைப் பாத்தா அவளுக்குத் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சு நெனவுதான் வரும். வேலைக்குச் சேந்த புதுசுல பலகை முழுக்க ஓட்டை, கை முழுக்க வயரு, செங்கோட்டைக்காரனை எடுத்துச் சென்னையில சொருகணும், கடையநல்லூர்க்காரியை எடுத்து பம்பாய்ல சொருகணும். ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு சட்டம். யாரு கேக்காம இருந்தா? குரலைக் கேட்ட ஒடனே தெரிஞ்சிரும், எவன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுதான், எவன் கடன்காரன்கிட்ட பொய் சொல்லுதான்னு. பொய் சொல்லுதவன் முன்னாடி ஒரு மூச்சு விடுவான், சின்ன மூச்சு. ஊரு பூரா சொன்ன பொய்ய மூச்சுல கண்டுபிடிச்சவ, பக்கத்துல தோளு ஒரச உக்காந்திருந்தவ மூச்சைக் கேக்காம விட்டுட்டேனேன்னு நெனச்சா. நெனச்சதும் பட்டை ஒரு தடவை தடுக்குச்சு. பட்டை தடுக்கல, இவ காலுதான்.

"கம்பிய ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா, சும்மா தொட்டுக்கிடுங்க"ன்னாரு சுடலைமுத்து. தொட்டுக்கிட்டா. எதுத்த செவத்துல இதயம் படம் ஒண்ணு, ரெண்டாப் பொளந்த மாதுளம்பழம் மாதிரி, மேல செவப்புக் குழாயெல்லாம் வேரு மாதிரி ஓடுது. அவளுக்கு அதுல மூணு குழாயும் அடைப்பு. அடைப்புன்னா ஒரே எடத்துல இல்ல, பொடிசு பொடிசா கீழ வரைக்கும். டாக்டரு படத்தைப் போட்டுக் காட்டி, பலூன் வைக்கத் தோதுப்படாதும்மா, பைபாஸ் பண்ணித் தைக்கதுக்கும் நல்ல எடமா கொஞ்சம்கூட இல்ல, மருந்துலதான் ஓட்டணும்னு சொன்னாரு. ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தா. வாளியத் தூக்கினா வலி, மாடிப்படி ஏழு ஏறினா வலி, சந்தோசமா ஒரு சேதி கேட்டாக்கூட வலி. அவ தங்கச்சி மக பிள்ள பெத்த சேதிய போன்ல கேட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, அந்தப் பிள்ள பாரு, பெறந்தப்பவே நாலு கிலோ, இப்ப ஒரு தோசைக்கு மேல திங்க மாட்டேங்குதாம், அது கெடக்கட்டும். அப்பத்தான் டாக்டரு இந்த ஆராய்ச்சியப் பத்திச் சொன்னாரு. இதே மாதிரி நெஞ்சுவலிக்குப் புதுசா ஒரு மாத்திரை, பல ஊருல சோதிச்சுப் பாக்காங்க, நீங்களும் சேருதியளான்னு. ஆராய்ச்சிப் பிள்ளை ஜெரினா, மேலப்பாளையத்துப் பொண்ணு, சின்ன வயசு, ஆனா பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை, உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னா. பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை. பாதிப் பேருக்கு அதே கலர்ல, அதே அளவுல வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டப்பாவுல நம்பர் மட்டும் இருக்கும், கடைசியிலதான் ஒடைச்சுச் சொல்லுவாங்க. எத்தனை தடவை வலிச்சுது, நாக்குக்கு அடியில மாத்திரை எத்தனை வச்சியன்னு தெனம் நோட்டுல எழுதணும். உங்க மாத்திரைய நீங்கதான் சாப்பிடணும். அதைச் சொல்லும்போது வடிவுக்குப் பக்கத்து நாற்காலியில ஒரு பொம்பளை கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, கழுத்துல மெல்லிசு செயின், நெத்தி வெறுமை, கையில பாட்டுப் புஸ்தகம். "மாவு மாத்திரைன்னா அரிசி மாவா கோதுமை மாவாம்மா, எனக்குச் சுகரும் இருக்கு"ன்னு கேட்டா அவ. ஜெரினாவுக்குச் சிரிப்பு அடக்க முடியல. அவதான் லீதியா. பாளையங்கோட்டைச் சர்ச்சுக் கோயில்ல பாட்டுக்குழுவுல முதல் வரிசை, வடிவைவிட நாலு வயசு எளையவ, அவளுக்கும் இதே மூணு குழாய், இதே பொடிசு பொடிசு.

"இப்ப கொஞ்சம் மேடு ஏத்துதேன், வேகமும் கூடும். வலிச்சா சொல்லணும், பொறுத்துக்கிட்டு நடக்கக் கூடாது." சரின்னா வடிவு. பட்டையோட மூக்கு தூக்கிக்கிட்டுது. பொறுத்துக்கிட்டு நடக்கக் கூடாதாம், அது தெரியாமத்தான் அறுபது வருசம் நடந்தேனாக்கும். கலக்கிற யோசனை அவளோடதுதான், அதை யாரு மேலயும் போட முடியாது. ரெண்டாவது மாசம் மாத்திரை டப்பாவ வாங்கிட்டு கேன்டீன்ல உக்காந்து, சீனி போடாத டீயக் குடிச்சுக்கிட்டு, வடிவுதான் ஆரம்பிச்சா. "ஏ லீதியா, நம்ம ரெண்டு பேருல ஒருத்திக்கு நெஜம், ஒருத்திக்கு மாவுன்னு வச்சுக்க. மாவு கெடச்சவ பதிமூணு மாசம் சும்மா கெடந்து சாவணுமா? ரெண்டையும் கொட்டிக் கலந்து பாதி பாதி எடுத்துக்கிட்டா?" சின்னதுல அவளும் தங்கச்சியும் ஒரே கமர்கட்டைப் பாவாடை நுனியில சுத்தி, பல்லால நறுக்குன்னு கடிச்சு, ஆளுக்குப் பாதி தின்னதுதான். காக்காக்கடி. அதுல எச்சியும் இல்ல, ஏமாத்தும் இல்ல, கடிச்ச சத்தம் ரெண்டு பேருக்கும் கேக்கும். லீதியா டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு மேல பாத்தா. பொறவு, "சரிதான் அக்கா, ஆனா இங்கன வச்சுக் கொட்டக் கூடாது, மேல கேமரா இருக்கு. உங்க டப்பாவ எங்கிட்டக் குடுங்க, வீட்டுல வச்சுக் கலந்து, நம்பர் மாறாம அந்தந்த டப்பாவுலயே போட்டு ஞாயித்துக்கிழமை கோயில் முடிச்சு வாரப்போ கொண்டாந்து தாரேன்"னா. அடுத்த தடவையிலருந்து அதுதான் நடைமுறை. ரெண்டு மாசத்துக்கு ஒரு டப்பா, வாங்கின கையோட வடிவு அதை அவகிட்டக் குடுப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு லீதியா வருவா, வெள்ளைச் சேலை, தலையில பூ இருக்காது, கையில டப்பா. வடிவு அவளுக்காகக் கேப்பையில தோசை ஊத்தி வச்சிருப்பா. "அரிசி பொடைக்கிற சொளகுல கொட்டினேன் அக்கா, கண்ணை மூடிக்கிட்டேன், ரெண்டு பேரு பேரையும் சொல்லி ஜெபம் பண்ணினேன், பொறவுதான் கலந்தேன்." சொளகுல. ஜெபம் பண்ணி. பொய்யில இத்தனை சாமானு எதுக்குடி? கலந்தேன்னு ஒத்தை வார்த்தை சொன்னா நான் நம்ப மாட்டேனா? சொளகை எதுக்கு உள்ள கொண்டாந்தே, சாமிய எதுக்கு உள்ள கொண்டாந்தே? பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம் இருந்தா பாரு, அவ புருசன் சீட்டாடிட்டு வரும்போதெல்லாம் கையில கொஞ்சம் மல்லிகைப்பூவும் வரும். கோயிலுக்குப் போனேன், கூட்டம், வாசல்ல நின்னு கும்பிட்டேன், ஐயருக்குச் சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுவான். அந்தச் சளியிலதான் அவ நம்பினா. சளி பிடிச்ச ஐயரை யாரு சும்மா சொல்லுவா?

இன்னைக்குக் காலையில ஒடைச்சுச் சொல்லுத நாள். ஜெரினா ரெண்டு கடுதாசியக் கொண்டாந்து ரெண்டு பேரு கையிலயும் குடுத்து, தமிழ்லயே வாசிச்சும் காட்டினா. லீதியாம்மா, உங்களுக்கு நெஜ மருந்து. வடிவும்மா, உங்களுக்கு மாவு. மாவுன்னு கேட்டதும் வடிவுக்கு ஒண்ணும் செய்யல, சத்தியமாச் செய்யல, ஏன்னா அவ கணக்குப்படி பாதி நெஜம் அவ வயித்துக்குள்ளயும் போயிருக்கு. ஜெரினா அந்தப் பக்கம் போனதும் லீதியா காதுகிட்ட வந்து, "நல்லவேளை அக்கா, கலந்தோம்"னா. அதைச் சொன்னா அவ. யாரும் கேக்காம, தானாச் சொன்னா. வடிவு அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா, கண்ணுல ஒத்திக்கிட்டா, "என் ஒடன்பெறப்புகூட இதைச் செய்யாது லீதியா, உனக்குக் கெடைச்ச முழுசை எனக்குப் பாதியாக்கிட்டியே"ன்னு அழுதா. வராந்தாவுல போறவங்கல்லாம் பாத்தாங்க. லீதியா கைய இழுக்கல. கை சில்லுன்னு இருந்துது. ஏசியில உக்காந்திருந்தா சில்லுன்னுதான் இருக்கும்னு வடிவு நெனச்சா. பொறவு லீதியா கைகழுவிட்டு வாரேன்னு போயிட்டா. வடிவை பிரசர் பாக்கக் கூட்டிக்கிட்டுப் போய், கையில பட்டையச் சுத்திக்கிட்டே ஜெரினா சந்தோசமாச் சொன்னா, "வடிவும்மா, உங்களை மாதிரி ஆளு எங்களுக்கு வேணும். மூணு, ஆறு, பன்னெண்டாம் மாசம் ரத்தம் எடுத்தோம்ல, அந்த ரிசல்ட்டும் இப்பத்தான் தொறந்துச்சு. உங்க ரத்தத்துல மருந்து துளிகூட இல்ல. சுத்தம். சில பேரு வெளிய வாங்கித் திங்காங்க, மாத்திக்கிடுதாங்க, எல்லாம் ரத்தத்துல காட்டிக் குடுத்துரும். லீதியாம்மாவுக்கும் அப்படித்தான், அவங்களுக்கு முழு அளவு, ஒரு தடவைகூடக் கொறையல. ரெண்டு பேரும் ஒழுங்கு." பிரசர் பட்டை அப்ப கைய இறுக்கிக்கிட்டு இருந்துது. இறுக்கினது பட்டையா வேறயான்னு அவளுக்கு இன்னும் தெரியல. துளிகூட இல்ல. அவளுக்கு முழு அளவு. அப்போ சொளகு இல்ல. கலக்கவே இல்ல. எடுத்துக்கிட்டுப் போன டப்பாவை ஞாயித்துக்கிழமை வரைக்கும் பீரோவுல வச்சிருந்து, அப்படியே திருப்பிக் கொண்டாந்திருக்கா. இத்தனை மாசமும் என் மாவை எனக்கே தூக்கிக் கொண்டாந்து குடுத்து, என் வீட்டுக் கேப்பைத் தோசையத் தின்னுட்டுப் போயிருக்கா. ஜெரினா நம்பரைப் பாத்து, "பிரசர் கொஞ்சம் கூட இருக்கே, டென்சனா, இனிமே உங்களுக்கும் நெஜ மருந்துதான், ஒழுங்கா முடிச்சவங்களுக்கு மட்டும் ரெண்டு வருசத்துக்குக் குடுக்காங்க, இன்னைக்கு ஒரு தடவை நடந்து காட்டிட்டு டப்பாவ வாங்கிட்டுப் போலாம்"னா. ஒழுங்கா முடிச்சவங்களுக்கு மட்டும். அந்த மட்டும்-ங்கிற வார்த்தையிலதான் வடிவு வாய மூடிக்கிட்டா.

வேர்க்க ஆரம்பிச்சுது. முதுகுல சட்டை ஒட்டுது. மாதுளம்பழம் படம் மேலயும் கீழயும் ஆடுது, ஆடுதது இவதான். ஆனா ஒண்ணு, வலி கொறைஞ்சுதே. கலந்த டப்பா வந்த பொறவு கொறைஞ்சுதே, நோட்டுல அவ கையெழுத்துலயே இருக்கே, வாரத்துக்கு ஒம்பது தடவை வலிச்சது அஞ்சாச்சு, ஒரு வாரம் மூணுகூட ஆச்சு. அந்த வாரம் அவ வாசல் பெருக்கிக் கோலம்கூடப் போட்டா, புள்ளி வச்ச கோலம், நாலு வருசத்துக்குப் பொறவு. வெறும் மாவைத் தின்னு, லீதியாவோட மருந்துன்னு நெனச்சுக்கிட்டு, அவ புண்ணியத்துல நடக்கேன்னு நெனச்சுக்கிட்டு நடந்தா. ஜெரினா முன்னாடியே சொல்லியிருக்கா, நம்பிக்கையிலேயே கொஞ்சம் கொறையும்மா, அதைக் கழிச்சுப் பாக்கத்தான் மாவு குடுக்கதுன்னு. அப்போ கொறைச்சது எது? மாவு கொறைக்கல, மருந்து கொறைக்கல. அவ கொறைச்சிருக்கா. அவ பொய் கொறைச்சிருக்கு. அப்படின்னா நான் அவளுக்கு நன்றி சொன்னது சரிதானோ. சவம், என்ன புத்தி இது, எங்க போனாலும் அவளுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்குது. இல்ல. இனி அந்த அஞ்சும் திரும்ப ஒம்பதாயிரும், தெரிஞ்சு போச்சுல்ல. இன்னைக்கு ராத்திரியே ஆயிரும். பதிமூணு மாசத்தை மட்டுமா எடுத்தா, மாவுல கெடச்சதையும்ல எடுத்துட்டா.

லீதியாவுக்கு எப்பத் தெரிஞ்சுருக்கும்? நெஜம் தன்கிட்டதான்னு. ஜங்ஷன் மேம்பாலம். ஆமா, அதுதான். ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் போகும்போது முன்னெல்லாம் படியில மூணு தடவை நின்னு நின்னு ஏறுவாங்க, நிக்கிற எடத்துல எல்லாம் பேச்சு, கீழ ரயிலு, மேல காத்து. ஒரு நாள் லீதியா நிக்காம ஏறிட்டா. மேல போய்த்தான் திரும்பிப் பாத்தா, வடிவு பாதியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. லீதியா முகம் அப்ப எப்படி இருந்துச்சு? சந்தோசம் இல்ல, பயம்தான் இருந்துச்சு. கையில எதையோ மறைச்சு வச்சிருக்கிற பிள்ளை முகம். ஒடனே அவளும் நெஞ்சைப் பிடிச்சா. "எனக்கும்தான் அக்கா, இப்பத்தான் வந்துச்சு"ன்னு கம்பியில சாஞ்சா. வராத வலிய வந்த மாதிரி. மாத்திரைய மறைச்சதுகூடப் போகட்டும்டி. வலிய எதுக்குப் பொய்யாப் பட்டே? அந்த வலி எனக்கு மட்டும்தான்னு தெரிஞ்சிருந்தா நான் தனியா நின்னுருப்பேன், தனியா ஏறியிருப்பேன், சரின்னு இருந்திருப்பேன். ரெண்டு பேருக்கும்னு நெனச்சுல்ல உன் தோள்ல சாஞ்சேன். அந்த மார்கழியில லீதியா கோயில்ல தனிப்பாட்டுப் பாடினா. வடிவு போயிருந்தா, கடைசி பெஞ்சுல உக்காந்தா. மூணு வருசமா மூச்சு பத்தாம வரிசையில வாய மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னவ, அன்னைக்கு ஒரு எடத்துல குரலை மேல தூக்கி, அங்கனயே நிறுத்தி, நிறுத்தி, கோயில் முழுக்க தும்மல்கூடப் போடல யாரும். அப்ப வடிவு நெனச்சா, இதுல பாதி என்னோடதுன்னு. தான் குடுத்த பாதி மாவாவே இருந்தாலும் தான் குடுத்ததுதானே. கண்ணு ரெண்டும் கொட்டுச்சு. பக்கத்துல இருந்த அம்மா கைக்குட்டை குடுத்தா. அன்னைக்கே அந்தக் குரல் சொல்லியிருக்கு, முழுசு இது, இதுல யாருக்கும் பங்கு இல்லன்னு. பாதி மருந்துல அப்படிப் பாட முடியாது. கேட்டுக்கிட்டேதான் இருந்தா, கேக்கல.

நான் குடுத்திருப்பேனா? பட்டை ஓடுது, கேள்வியும் ஓடுது. என் டப்பாவுல நெஜம் இருந்து, நாலு வருசத்துக்குப் பொறவு வாளிய ஒரு கையால தூக்கி, அது மாத்திரைன்னு தெரிஞ்சு, ஞாயித்துக்கிழமை வந்து, சொளகு முன்னால உக்காந்திருந்தா. கொட்டியிருப்பேனா? கொட்டியிருப்பேன்னுதான் சொல்ல வருது. சத்தமாச் சொல்ல வரல. சரி, கொட்ட மனசு வராம இருந்திருக்கலாம், வச்சுக்க. ஆனா நான் சொல்லியிருப்பேன். ஏ லீதியா, மன்னிச்சுக்க, எனக்கு மருந்து கேக்குது, குடுக்க முடியலன்னு. அவ சொல்லியிருந்தா நானே வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன், பாடுன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? இப்பச் சொல்லுதேன், மாத்திரை இல்லாத எடத்துல நின்னு. எல்லாம் இப்பச் சொல்லலாம். அந்தா உக்காந்திருக்கா, சங்கிலிய விரல்ல சுத்திக்கிட்டு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. அந்த ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு, அவகிட்ட இல்லாதது.

வலி வந்துட்டுது. முதல்ல தாடையில, எப்பவும் அங்கனதான், பல்லைக் கழட்டுத மாதிரி, பொறவு எடது கை உள்பக்கம் பாரம், பொறவு நடு நெஞ்சுல யாரோ அரிசி மூட்டைய எறக்கி வச்ச மாதிரி. சொல்லணும். சுடலைமுத்து திரையப் பாத்துக்கிட்டு இருக்காரு, கோடு எறங்குதான்னு. சொன்னா நிறுத்துவாரு. இவ சொல்லல. அவ முன்னால சொல்ல மாட்டேன். அவ ஒம்பது நிமிசம் நடந்தவ. நான் அஞ்சுல நின்னா, ஐயோ பாவம்னு ஒரு பார்வை பாப்பா, அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். இன்னும் ஒரு நிமிசம். அரை நிமிசம். மூட்டை மேல மூட்டை. நிலைக்கண்ணாடி இல்ல, இருந்தா மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்திருப்பா. இப்படியே விழுந்தா, வயரோட விழுந்தா, அவ சங்கிலிய வச்சுக்கிட்டு அழுவா. எல்லாருகிட்டயும் சொல்லுவா, நாங்க அக்கா தங்கச்சி மாதிரின்னு, ஞாயித்துக்கிழமை தோசைய ஒண்ணு விடாமச் சொல்லுவா. சாகவும் விட மாட்டேங்காளே. அப்பத்தான் நாற்காலி தரையில கீச்சுன்னு ஒரு சத்தம்.

"நிறுத்துங்க சார், அக்காவுக்கு வலி வந்துட்டு."

"அம்மா ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டாங்க. தாடையப் பாருங்க, கடிச்சிருக்காங்க. நிறுத்துங்கன்னு சொல்லுதேன்ல."

சுடலைமுத்து ஒரு தடவை திரையப் பாத்தாரு, பட்டுன்னு பொத்தானை அமுக்கினாரு. பட்டை நின்ன பொறவும் ரெண்டு எட்டு கூட நடக்கச் சொல்லி வடிவுகிட்ட காலு கேட்டுச்சு. பிடிச்சுக் கட்டில்ல படுக்க வச்சாங்க. நாக்குக்கு அடியில மாத்திரைய வச்சாங்க, கசப்பும் சூடுமா அது கரைஞ்சுது. தலை விண்ணுவிண்ணுன்னுச்சு, அந்த மாத்திரை எப்பவும் அப்படித்தான், நெஞ்சை விட்டுட்டு மண்டையப் பிடிக்கும். லீதியா குனிஞ்சு நெத்தி வேர்வையத் தொடைச்சா. வடிவு கண்ணை மூடிக்கிட்டா. உலகத்துலயே என் தாடையப் பாத்து வலியப் படிக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான், பெத்த அம்மாவுக்குத் தெரியாது, கட்டினவருக்குத் தெரியாது, பதிமூணு மாசம் பக்கத்துல உக்காந்து படிச்சிருக்கா. படிச்சுப் படிச்சுப் பாத்துக்கிட்டே, வீட்டுக்குப் போய் தன் டப்பாவத் தொறந்து தின்னுருக்கா. தெரியாதவ செஞ்சா தப்பு. தெரிஞ்சவ செஞ்சா அதுக்கு என்ன பேரு? பேரு வரல. மூட்டை ஒண்ணு ஒண்ணா எறங்குச்சு. எல்லாம் எறங்கின பொறவும் ஒண்ணு பாக்கி இருந்துது, அது மாத்திரைக்குக் கரையலை.

ஜெரினா ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கிட்டு வந்து கட்டில் ஓரமா உக்காந்தா. "இப்ப எப்படி இருக்கு வடிவும்மா? நல்ல நேரத்துல நிறுத்தினாங்க. இனிமே நெஜ மருந்து சாப்பிட்டா அடுத்த தடவை லீதியாம்மாவை நீங்க முந்திருவீங்க. முடிவுத்தாள் ஒண்ணு இருக்கு, ரெண்டே கேள்வி, எல்லாருகிட்டயும் கேக்கதுதான். முடிச்சதும் லீதியாம்மா, உங்களுக்கும் இங்கனயே கேட்டுருதேன், எங்கயும் போயிராதீங்க."

"நான் எங்க போறேன்"னா லீதியா. கட்டில் கால்மாட்டுல நின்னா.

"உங்க மாத்திரைய வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

குடுத்தேன். டப்பாவோட குடுத்தேன், நம்பிக் குடுத்தேன், அஞ்சு தடவை குடுத்தேன். வாயி வரைக்கும் வந்துது. சொன்னா ரெண்டு பேரு பேரையும் கிழிச்சுப் போட்டுருவாங்க, நெஜ மாத்திரை இவளுக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. அவளுக்கு இல்லாமப் போகும். அவ குரலு போகும். அந்த நெனப்பு ஒரு நிமிசம் இனிச்சுது, இல்லன்னு சொல்ல முடியாது, கமர்கட்டு மாதிரி ஒரு பக்கமா இனிச்சுது. பொறவு தாடையில பழைய வலியோட மிச்சம் சுருக்குன்னுச்சு. எனக்கு வேணும். எனக்கு அந்த மாத்திரை வேணும், முழுசா வேணும்.

"இல்லம்மா."

ஜெரினா ஒரு கோடு போட்டா. "வேற யாராவது அவங்க மாத்திரைய உங்களுக்குக் குடுத்தாங்களா?"

வடிவு முழங்கையை ஊணி எந்திரிச்சு உக்காந்தா. ஜெரினா படுத்துக்கிடுங்கன்னு தோளைத் தொட்டா, கேக்கல. லீதியா முகத்தைப் பாத்தா, நேராப் பாத்தா. மூணு, ஆறு, பன்னெண்டாம் மாசம் எடுத்த ரத்தம் எல்லாத்துக்கும் சேத்துச் சொன்னா.

"இல்லம்மா. ஒண்ணுகூடக் குடுக்கல."

லீதியா கையில சங்கிலி அசையாம நின்னுது. முகத்துல ரத்தம் எறங்கினதை வடிவு பாத்தா, மேல இருந்து கீழ, நெத்தி, கன்னம், உதடு. ஜெரினா அந்தத் தாளை மடக்கி வச்சிட்டு அடுத்த தாளை எடுத்தா, பேரு எழுதினா, தேதி எழுதினா. "லீதியாம்மா, உங்களுக்கும் அதே கேள்விதான். உங்க மாத்திரைய வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

வராந்தாவுல யாரையோ பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. சுடலைமுத்து வயரைச் சுத்தி வச்சுக்கிட்டு இருந்தாரு. வடிவு காத்துக்கிட்டு இருந்தா. குடுத்தேன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் போச்சு, குடுக்கலன்னு சொன்னா அது உண்மை. அந்த உண்மைய அவ வாயால கேக்கணும்னுதான் இப்ப வடிவுக்கு இருந்துது, மாத்திரை, நெஞ்சு, ரெண்டு வருசம் எல்லாம் அதுக்குப் பொறவுதான்.

"லீதியாம்மா?"

"குடுக்கல"ன்னா லீதியா. தாளைப் பாத்துச் சொல்லல, வடிவைப் பாத்துச் சொன்னா. "யாருக்கும் குடுக்கலம்மா. எல்லாத்தையும் நானேதான் சாப்பிட்டேன்."

"நல்லது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, எனக்கு வேலை மிச்சம்"னு சொல்லி ஜெரினா ரெண்டு தாளையும் நீட்டினா. முதல்ல வடிவு கையெழுத்துப் போட்டா. பேனாவ லீதியா கையில குடுக்கல, தாளு மேல வச்சா.